புகைப்படத்தைக் கேன்வாஸில் அச்சிட்டு, சட்டத்தில் இழுத்துக் கட்டி மாட்டுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

சட்டம் செய்வதற்கு முன்பே படத்தை அச்சிட்டுச் சுருட்டிக்கொண்டு வந்து நிற்பவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். அச்சு அழகாக வந்திருக்கும். ஆனால் ஓரத்தில் மடிப்பதற்குத் துணி அரை அங்குலம்கூட இருக்காது. அல்லது பாட்டியின் தலை உச்சி சரியாகச் சட்டத்தின் மேல் விளிம்பில் மடிந்து பின்னால் போய்விடும். அந்த நிலையில் எவ்வளவு கைத்திறன் இருந்தும் பயனில்லை. மறுபடியும் பணம் கொடுத்து அச்சிட வேண்டியதுதான்.

அதனால் இந்த வழிகாட்டியில் வரிசைக்குத்தான் அழுத்தம் கொடுத்திருக்கிறேன். முதலில் அளவு, பிறகு சட்டம், அதன் பிறகே அச்சு. எடுத்துக்காட்டாக 18 × 24 அங்குலப் படம் ஒன்றைத் தொடக்கம் முதல் சுவர் வரை எடுத்துச் செல்கிறேன். முதன்முறை செய்பவர்களுக்கு இந்த அளவையே பரிந்துரைக்கிறேன். பெரும்பாலான அலைபேசிப் படங்கள் 4:3 விகிதத்தில் இருப்பதால் எதையும் வெட்டாமல் பொருந்தும். தனி ஆளாகக் கையால் இழுக்கலாம். நடுவில் குறுக்குக் கட்டையும் தேவைப்படாது.

1. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

ஸ்டேப்ளர் கன், 8 மில்லிமீட்டர் பின்கள், அளவு டேப், மூலைமட்டம், பென்சில், உப்புத்தாள், மர கோந்து, பின் பிடுங்க ஒரு தட்டையான திருப்புளி, மேசையில் விரிக்கத் துவைத்த பருத்தி விரிப்பு. அகலவாய்க் கேன்வாஸ் இடுக்கி கிடைத்தால் நல்லது. இந்த அளவுக்கு அது இல்லாமலும் முடியும்.

அலுவலக ஸ்டேப்ளரை விரித்து வைத்து அடிக்கப் பார்க்காதீர்கள். அந்தப் பின் மரத்தில் இறங்காமல் வளைந்து துணியைக் கிழிக்கும். ஸ்டேப்ளர் கன் இல்லாவிட்டால் தலை அகன்ற குட்டை ஆணிகள் போதும்.

2. படம் எவ்வளவு பெரிதாகத் தாங்கும் என்று கணக்கிடுங்கள்

படத்தின் நீளவாக்குப் பிக்ஸல் எண்ணிக்கையை, அச்சிட விரும்பும் அங்குலத்தால் வகுத்துப் பாருங்கள். 150க்கு மேல் வந்தால் நிம்மதியாக அச்சிடலாம். 100 வரை இறங்கினாலும், சில அடி தள்ளி நின்று பார்க்கும் படத்துக்குப் பாதகமில்லை. துணியின் நெசவு சிறு குறைகளை மறைத்துவிடும். அதற்கும் கீழே போனால் கண், இமை, பல் எல்லாம் மாவு பூசியதுபோல் ஆகிவிடும்.

12 மெகாபிக்ஸல் அலைபேசிப் படம் 4000 × 3000 பிக்ஸல். 24 அங்குலத்துக்கு வகுத்தால் 166 வரும். போதும். அதே படம் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்து சேரும்போது சுருங்கி, சில சமயம் பாதிக்கும் குறைவான பிக்ஸலோடு நிற்கும். எடுத்தவரிடமிருந்து மூலப் படத்தை ஆவணமாகவோ மின்னஞ்சலிலோ கேட்டு வாங்குங்கள். இந்த ஒரு தொலைபேசி அழைப்பைச் சோம்பலால் விட்டுவிடுவதால்தான் பாதிப் படங்கள் கெடுகின்றன.

பழைய காகிதப் படமாக இருந்தால் 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி வீதம், ஸ்கேன் செய்யுங்கள். 4 × 6 அங்குலப் படம் 2400 × 3600 பிக்ஸலாகக் கிடைக்கும். 16 × 24 அங்குலத்துக்கு அச்சிட்டால் சரியாக 150. கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தைப் பிரிக்க முயலாதீர்கள். படத்தின் மேல்படலம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்து, கறைகளைக் கணினியில் சரிசெய்துகொள்ளலாம்.

கணக்கு மட்டும் போதாது. முகம் வரும் பகுதியை மட்டும் இறுதி அளவிலேயே வெட்டி, பக்கத்துக் கடையில் சாதாரண ஏ4 தாளில் வண்ண அச்சு எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். ஐந்தடி தள்ளி நின்று பாருங்கள். குடும்பக் குழுப் படங்களுக்கு இது மிக அவசியம். முப்பது பேர் நிற்கும் படத்தில் ஒவ்வொரு முகத்துக்கும் கிடைக்கும் பிக்ஸல் மிகக் குறைவு.

3. சட்டத்தை முதலில் செய்து முடியுங்கள்

தச்சரிடம் 18 × 24 என்று சொன்னாலும் கையில் வருவது 18⅛ × 23⅞ ஆக இருக்கலாம். அது குற்றமில்லை. ஆனால் அச்சுக் கோப்பு அந்த உண்மையான அளவுக்கு ஏற்ப அமைய வேண்டும். அதற்காகத்தான் சட்டம் முதலில்.

மரம் நன்கு காய்ந்திருக்க வேண்டும். பச்சை மரத்தில் செய்த சட்டம் சில மாதங்களில் முறுக்கிக்கொண்டு, ஒரு மூலை சுவரைவிட்டு எழும்பி நிற்கும். பைன், ரப்பர் மரம் போன்ற எடை குறைந்த, முடிச்சில்லாத ரீப்பர்கள் நல்லவை. மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை வேண்டாம். ஈரத்தில் ஊதும், விளிம்பில் பின் பிடிக்காது.

ரீப்பரின் உயரம், அதாவது சுவரிலிருந்து படம் முன்னால் நிற்கும் ஆழம், ஒன்றரை அங்குலம். அகலம் ஒரு அங்குலம். நான்கு மூலைகளும் 45 டிகிரியில் வெட்டிச் சேர வேண்டும்.

இப்போது பலரும் தவறவிடும் ஒன்று. துணி படியும் முன்பக்கம் முழுத் தட்டையாக இருக்கக் கூடாது. வெளிவிளிம்பு உயர்ந்தும் உள்பக்கம் 3 மில்லிமீட்டர் அளவுக்குத் தாழ்ந்தும் சரிவாக இருக்க வேண்டும். தச்சரிடம் சொன்னால் இழைப்புளியால் நான்கு தள்ளு தள்ளிக் கொடுத்துவிடுவார். சரிவு இல்லாவிட்டால் துணி மரத்தின் உள்விளிம்பில் அழுந்தி, சில மாதங்களில் படத்தைச் சுற்றி ஒரு அங்குலம் உள்ளே ஒரு செவ்வகக் கோடு தெரியும். வானம், வெள்ளைச் சுவர் போன்ற வெறுமையான பின்னணியில் அந்தக் கோடு கண்ணை உறுத்தும். வந்த பிறகு அதை நீக்க வழியில்லை.

கோந்து காய்வதற்கு முன் மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால்தான் சட்டம் நேர். 18 × 24க்கு மூலைவிட்டம் சரியாக 30 அங்குலம் வர வேண்டும். ஒன்று நீண்டிருந்தால் அந்த இரு மூலைகளையும் உள்நோக்கி அழுத்திச் சமப்படுத்துங்கள். கோணலான சட்டத்தில் கட்டிய படத்தில் சன்னல், தூண், அடிவானம் எல்லாம் சாய்ந்து தெரியும். பழி புகைப்படக்காரர் மேல் விழும்.

காய்ந்ததும் வெளிவிளிம்புகளை உப்புத்தாளால் இரண்டு மூன்று முறை தேய்த்து, கூர்மையை மட்டும் மழுக்குங்கள். கூரான விளிம்பில் துணி மடியும்போதுதான் மை வெடிக்கிறது. பிறகு மரத்துக்கு ஒரு கை வார்னிஷ் அடித்து முழுதாக உலர விடுங்கள். மழைக்கால ஈரத்தை மரம் குடிக்காமல் இருக்க அது உதவும்.

30 அங்குலத்துக்கு மேற்பட்ட பக்கம் இருந்தால் நடுவில் குறுக்குக் கட்டை கட்டாயம். இல்லையென்றால் நீளக் கட்டைகள் துணியின் இழுப்பில் இடுப்புப்போல உள்வாங்கும். அத்தகைய பெரிய சட்டங்களுக்குக் கோந்து போடாமல், மூலையில் ஆப்பு வைத்து இறுக்கும் வகையில் செய்யச் சொல்லுங்கள்.

4. கோப்பைச் சட்டத்துக்கு ஏற்பத் தயார் செய்யுங்கள்

ஒவ்வொரு பக்கத்திலும் ஒன்றரை அங்குலம் பக்கவாட்டுக்கும், ஒரு அங்குலம் பின்னால் மடித்துப் பின் அடிப்பதற்கும் வேண்டும். ஆக, இரு பக்கமும் சேர்த்து 5 அங்குலம். 18 × 24 சட்டத்துக்குத் தேவையான துணி 23 × 29. இதில் வண்ணம் 22 × 28 வரை அச்சானால் போதும். மிச்சம் வெள்ளையாக இருக்கலாம், பின்னால் மறைந்துவிடும்.

பக்கவாட்டில் என்ன தெரிய வேண்டும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். படமே தொடர்ந்து மடியலாம். ஆனால் நான்கு பக்கமும் ஒன்றரை அங்குலப் படம் முன்பார்வையிலிருந்து போய்விடும். கடற்கரை, மலை, வயல் என்றால் பரவாயில்லை. முகம், கை, பாதம் ஓரத்துக்கு அருகில் இருந்தால் இது ஆகாது. அப்போது படத்தின் ஓரத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் பக்கவாட்டில் அச்சிடலாம். மரக்கிளை, சுவர் போன்றவற்றுக்கு இது அழகாகப் பொருந்தும். ஓரத்தில் ஒரு தோள் இருந்தால் மட்டும் அது இரட்டைத் தோளாகி அருவருப்பாக இருக்கும்.

ஆள் படங்களுக்கு நான் எப்போதும் ஒரே நிறப் பக்கவாட்டைத்தான் தேர்ந்தெடுக்கிறேன். படத்தின் பின்னணியிலிருந்து ஒரு கருமையான நிறத்தை எடுத்து நான்கு பக்கமும் நிரப்பிவிடுவேன். முன்பக்கம் முழுப் படமும் இருக்கும். இழுக்கும்போது நூலளவு நகர்ந்தாலும் வெளியே தெரியாமல் இருக்க, அந்த நிறத்துக்கும் படத்துக்கும் இடையே கூரான வெள்ளைக் கோடு எதையும் விடாதீர்கள்.

அடுத்து வெளிச்சம். திரை தானே ஒளியை உமிழ்கிறது. துணி அறையின் வெளிச்சத்தைத்தான் திருப்பித் தருகிறது. திரையில் சரியாக இருக்கும் படம் துணியில் ஒரு படி இருண்டுதான் வரும். கறுத்த நிழல் பகுதிகளைச் சற்று வெளுக்க வைத்துக்கொள்ளுங்கள். கறுப்பு முடியும் கருநீலப் பட்டுச் சேலையும் ஒன்றாகக் கலந்து கருங்கட்டியாக வருவது இதைச் செய்யாததால்தான். கடையில் வேறு எதையும் கேட்காவிட்டால் எஸ்ஆர்ஜிபி வண்ண முறையில், அதிகத் தரமுள்ள ஜேபெக் கோப்பாகக் கொடுங்கள்.

5. அச்சுக் கடையில் கேட்க வேண்டியவை

முதல் கேள்வி: இது உண்மையான துணியா? துணிபோல் சொரசொரப்பு வைத்த பிளாஸ்டிக் தாளையும் சில இடங்களில் கேன்வாஸ் என்றே கொடுக்கிறார்கள். பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நூலும் நெசவும் தெரிந்தால் துணி. வழவழவென்று இருந்தால் வேண்டாம், மூலையில் மடியாது.

பருத்தித் துணி சற்று நெகிழ்ந்து கொடுக்கும், அதனால் இழுப்பது எளிது. ஆனால் காற்றின் ஈரம் மாறமாறத் தளரும், இறுகும். பாலியெஸ்டர் அப்படி மாறாது. ஆனால் நெகிழாது என்பதால் இழுப்பில் செய்த பிழை அப்படியே தெரியும். இரண்டும் கலந்த துணி கிடைத்தால் தொடக்கக்காரர்களுக்கு அதுவே ஏற்றது.

இரண்டாவது, என்ன மை? நெடுநாள் நிறம் நிற்க வேண்டிய குடும்பப் படத்துக்குப் பிக்மென்ட் மை நல்லது. கரைப்பான் கலந்த ஈகோ சால்வென்ட் மையும் பயன்படும். ஆனால் அச்சான உடனே சுருட்டக் கூடாது. ஒரு நாளாவது விரித்து வைத்து வாடை போக விட வேண்டும்.

முழுப் படத்துக்கு முன், முகமும் நிழலும் சேர்ந்த ஒரு கைக்குட்டை அளவுத் துண்டை அதே துணியில் அச்சிட்டுப் பார்க்கக் கேளுங்கள். அதை வீட்டுக்குக் கொண்டுபோய், மாட்டப்போகும் சுவரில் இரவு விளக்கில் பாருங்கள். கடையின் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்த முடிவு வரவேற்பறையில் பொய்த்துப்போகும்.

வாங்கி வரும்போது மடிக்காதீர்கள். படம் வெளிப்பக்கம் இருக்கும்படி, அகலமான அட்டைக் குழாயில் தளர்வாகச் சுருட்டுங்கள். இறுக்கிச் சுருட்டினால் மைப் படலத்தில் மெல்லிய கோடுகள் விழும்.

6. பூச்சும் காத்திருப்பும்

கண்ணாடி இல்லாத படம் என்பதால் தூசியும் விரலும் நேராக மையைத் தொடும். நெகிழ்ந்து கொடுக்கும் கேன்வாஸ் பூச்சு ஒன்றை இரண்டு மெல்லிய கைகளாக அடியுங்கள். மரத்துக்கு அடிக்கும் கடின வார்னிஷ் ஆகாது. மடிக்கும்போது ஓடுபோல் உடையும்.

பூச்சு தண்ணீர் கலந்ததாக இருந்தால், முதலில் பின்னால் மடியப்போகும் ஓரத்தில் ஈரப் பஞ்சை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். பஞ்சில் நிறம் ஒட்டினால் உருளையால் தடவவே கூடாது. கரைப்பான் சார்ந்த ஸ்பிரேயைத் திறந்த வெளியில், மூக்கை மூடிக்கொண்டு அடியுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், ஈரப் பூச்சில் ஒட்டிய தூசி காலத்துக்கும் அங்கேயே இருக்கும்.

அச்சுக்குப் பின் ஒரு நாள், பூச்சுக்குப் பின் ஒரு நாள். வெள்ளிக்கிழமை அச்சு வாங்கினால் சனிக்கிழமை பூச்சு, ஞாயிறு மாலை இழுப்பு. அவசரப்பட்டு அரை உலர்வில் இழுத்தால் விரல் ரேகை பதியும், விரிப்பின் நூல் ஒட்டும்.

7. இழுத்துக் கட்டுதல்

மேசையில் விரிப்பைப் போட்டு ஒரு மணல் துகள்கூட இல்லாமல் தட்டிவிடுங்கள். அழுத்தும்போது அடியில் இருக்கும் ஒரு துகள் போதும், முன்பக்கத்தில் பள்ளம் விழ.

முதலில் அச்சைச் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, முன்பக்கப் படம் முடியும் நான்கு மூலைகளையும் பின்புறம் பென்சிலால் குறியுங்கள். நான்கு பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் குறியுங்கள். சட்டத்தின் ஒவ்வொரு கட்டையிலும் நடுப்புள்ளி வேண்டும். பிறகு படம் கீழ்நோக்கி இருக்க விரித்து, சரிவான பக்கம் துணியைத் தொடும்படி சட்டத்தை வைத்து, குறிகளைப் பொருத்துங்கள்.

மேல் கட்டையின் நடுவில் துணியை மடித்து ஒரு பின். எதிரே கீழ்க் கட்டையின் நடுவில் இழுத்து ஒரு பின். பிறகு இடது நடு, வலது நடு. பின்களைக் கட்டையின் பின்பக்கத்தில், சற்றுச் சாய்வாக அடியுங்கள். நேராக அடித்த பின் துணியின் ஓரிரு நூலை மட்டும் பிடிக்கும். சாய்ந்த பின் பல நூல்களைப் பிடிப்பதால் துணி கிழியாது.

நான்கு பின்னும் அடித்ததும் திருப்பிப் பாருங்கள். நடுவில் வைர வடிவத்தில் சுருக்கம் தெரியும். புதியவர்கள் இங்கேதான் பயந்து எல்லாவற்றையும் பிடுங்கிவிடுகிறார்கள். அந்தச் சுருக்கம் வரத்தான் வேண்டும். துணி நான்கு முனையில் மட்டும் பிடிக்கப்பட்டிருக்கிறது என்பதன் அடையாளம் அது. மூலை நோக்கிப் போகப் போகத் தானே விரியும். இப்போது பார்க்க வேண்டியது படம் நேராக அமர்ந்திருக்கிறதா என்பதை மட்டும்தான். சாய்ந்திருந்தால் நான்கு பின்னைப் பிடுங்குவது இரண்டு நிமிட வேலை. நாற்பது பின் அடித்த பிறகு அப்படி இல்லை.

நேராக இருந்தால், மேல் நடுப் பின்னுக்கு இருபுறமும் இரண்டு அங்குலத்தில் ஒவ்வொரு பின். அதே போல் கீழே. அதே போல் இடது, வலது. மறுபடியும் மேல். நாடாக் கட்டிலை இறுக்குகிறவர் ஒரே பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போவதில்லை அல்லவா, அப்படித்தான் இதுவும். ஒரு பக்கத்தை மூலை வரை அடித்துவிட்டால், எதிர்ப்பக்கத்தில் இழுக்கும் இழுப்பு முழுவதும் சாய்வாகப் போய், மூலைக்கு மூலை நீண்ட அலை உண்டாகும். பின்களைப் பிடுங்கி மறுபடி இழுக்காமல் அதை நீக்க முடியாது.

எவ்வளவு இழுப்பது? ஓவியர்கள் வெறும் துணியை இழுப்பதுபோல் இழுக்க வேண்டாம். அச்சுப் படத்தில் மைப் படலம் இருக்கிறது. விரல்களால் பிடித்து, கட்டைவிரலைக் கட்டையில் ஊன்றி, துணி இனி எளிதில் வராது என்று கை சொல்லும் இடத்தில் நிறுத்துங்கள். இடுக்கி பயன்படுத்தினால் இன்னும் மெதுவாக. விளிம்பில் முடியளவு வெள்ளைக் கோடுகள் தெரிய ஆரம்பித்தால் மை வெடிக்கிறது, உடனே தளர்த்துங்கள். ஏசி அறையில் விறைத்த துணி எளிதில் வெடிக்கும். வேலைக்கு முன் அரை மணி நேரம் சாதாரண அறையில் கிடக்க விடுங்கள்.

ஒவ்வொரு மூலைக்கும் மூன்று அங்குலத்துக்கு முன்பே நிறுத்திக்கொள்ளுங்கள்.

8. மூலை மடிப்பு

மடிப்பு மேல், கீழ் பக்கங்களில் வர வேண்டும். படத்தின் அருகே நடந்து போகிறவர் பார்ப்பது இடது, வலது பக்கவாட்டைத்தான்.

அதனால் இடது, வலது கட்டைகளில் துணியை முதலில் முனை வரை இழுத்துப் பின் அடியுங்கள். இப்போது மேல் பக்கத்தில் துணி ஒரு காதுபோல எழுந்து நிற்கும். அந்தக் காதைப் பொட்டலம் மடிப்பதுபோல உள்ளே தள்ளி, மடிப்புக் கோடு மரத்தின் மூலை விளிம்போடு ஒட்டி நிற்கும்படி விரலால் நீவுங்கள். பிறகு மேல் துணியை அதன்மேல் இழுத்துப் பின்னால் இரண்டு பின்.

காது தடித்திருக்கிறது என்று கத்தரியால் வெட்ட வேண்டாம். ஒரு முறை வெட்டிவிட்டால் பின்னாளில் படம் தளர்ந்து, பிடுங்கி மறுபடி இழுக்க நேரும்போது மூலையில் பிடிக்கத் துணி இருக்காது.

9. தளர்வு தெரிந்தால்

விரலால் நடுவில் மெல்லத் தட்டுங்கள். ‘டொப்’ என்று சீரான ஓசை வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தொய்ந்திருந்தால் அந்தப் பக்கத்துப் பின்களை மட்டும் பிடுங்கி, நடுவிலிருந்து மூலைக்கு மறுபடி இழுங்கள். ஆப்பு வைத்த சட்டமென்றால் நான்கு மூலை ஆப்புகளையும் சிறு சுத்தியலால் ஒரே அளவு தட்டுங்கள்.

பின்பக்கம் தண்ணீர் தெளித்தால் இறுகும் என்று சொல்வார்கள். வெறும் பருத்திக்கு அது உண்மை. அச்சிட்ட துணியில் மை ஊறி முன்பக்கம் கறையாகும். செய்யாதீர்கள்.

10. சுவரில் மாட்டுதல்

கழிவறையோடு ஒட்டிய சுவர், மழையில் ஓதம் ஏறும் சுவர், நேர் வெயில் விழும் சுவர் மூன்றும் கூடாது. பின்பக்கத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் ரப்பர் குமிழ் அல்லது தக்கைத் துண்டை ஒட்டுங்கள். சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று ஓடினால் பூஞ்சை பிடிக்காது.

படத்தின் நடு, தரையிலிருந்து சுமார் 57 முதல் 60 அங்குல உயரத்தில் இருந்தால் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு நேராக வரும். சோபாவுக்கு மேல் என்றால், அதன் முதுகிலிருந்து ஆறு முதல் எட்டு அங்குலம் விட்டால் போதும். நம் வீடுகளில் பெரும்பாலும் கதவுச் சட்டத்துக்கு மேலே மாட்டிவிடுகிறோம்; பெரிய படம் அங்கே போனால் எவருக்கும் சரியாகத் தெரியாது. ஒரே ஆணிக்குப் பதிலாக இரண்டு கொக்கிகளில் தொங்கவிட்டால் மின்விசிறிக் காற்றில் சாயாது.

தூசிக்கு உலர்ந்த மென்தூரிகை மட்டும். கண்ணாடி துடைக்கும் திரவம் பக்கத்திலேயே வரக் கூடாது.

மறைந்த பெரியவர்களின் படத்தைக் கேன்வாஸில் செய்பவர்களுக்குத் தனியாக ஒன்று. கண்ணாடிச் சட்டத்தில் சந்தனமும் குங்குமமும் கண்ணாடியின் மேல்தான் இருந்தன, துடைத்தால் போய்விடும். கேன்வாஸில் அது நேராகத் துணி. ஒரு வீட்டில் திதியன்று தாத்தாவின் நெற்றியில் வைத்த ஈரக் குங்குமம் நெசவுக்குள் இறங்கி, துடைக்கத் துடைக்க மூக்குவரை இளஞ்சிவப்பாகப் பரவியதை நான் பார்த்தேன். அந்தப் படத்தை மீட்க முடியவில்லை. பொட்டு வைக்கும் வழக்கம் உள்ள வீடென்றால் பூசை அறைக்குக் கண்ணாடிப் படத்தையே வைத்துக்கொண்டு, கேன்வாஸை வரவேற்பறையில் மாட்டுங்கள். மாலை போட வேண்டுமென்றால் படத்துக்கு மேலே சுவரில் தனி ஆணி அடித்து, ஈரப் பூ துணியைத் தொடாத அளவுக்கு அதை முன்னால் நீட்டிவிடுங்கள்.